முழு வாக்கியமாகக் கேள்

"ரெண்டு வருஷம்தானே? நான் பாத்துக்க மாட்டேனா?"

"நல்லாப் பாத்துப்பீங்க அண்ணி. அதான் பயமா இருக்கு."

"அடிப்பாவி! எல்லாரும் சரியாப் பாத்துக்க மாட்டாங்களேன்னு பயப்படுவாங்க. இவ நல்லாப் பாத்துப்பேன்னு பயப்படறா. கேட்டியாடா தம்பி, உன் பொண்டாட்டி பேச்சை!"

நாத்தனார் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். கணவனோடு வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் தரையில் மண்டியிட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த அவள் மகள் சிட்டு, அத்தையின் மடியில் இருந்தபடி பெட்டியின் பூட்டைக் கடித்துப் பார்த்தது. இரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில் பெட்டி குலுங்கி, ஜிப் தானாக வழிக்கு வந்தது.

"பாத்தியா, என் வெயிட்டுக்கும் ஒரு உபயோகம் இருக்கு" என்றாள் நாத்தனார்.

அன்று அது வேடிக்கைப் பேச்சு. இப்போது நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தச் சிரிப்பின் மேல்தான் கோபம் வருகிறது. ஒரு பயத்தை வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்துவிட்டால், பிறகு அதையே நிஜமாகச் சொல்ல வாய் வருவதில்லை. "அன்னைக்கு விளையாட்டுக்குத்தானே சொன்னே?" என்று எதிராளி கேட்டுவிடலாம்.

அந்த இரண்டு வருஷம் முடிந்து, அதற்கு மேலும் ஒரு இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அவள் வேலை பார்த்த மழலையர் பள்ளி, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவில் இருந்தது. சன்னல் கண்ணாடி முழுவதும் காகித மீன்கள் ஒட்டியிருக்கும். காலையில் கதவைத் திறந்ததும் பசை வாசனையும் கிருமிநாசினி வாசனையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். மேஜைகளைத் துடைப்பது, கிரேயான்களைக் கூர் சீவுவது, நேற்று யாரோ மேஜைக்கு அடியில் ஒட்டிவைத்த மூக்குச் சளியைச் சுரண்டுவது, எல்லாம் அவள் வேலைதான். எம்.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டு, முழங்கால் தாடையில் இடிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து "இது ஆப்பிள்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை. குழந்தைகளை அவளுக்குப் பிடிக்கும். அதுதான் கஷ்டமே.

ஒவ்வொரு குழந்தைக்கும் மனதுக்குள் ஒரு தமிழ்ப் பெயர் வைத்திருந்தாள். அடுத்தவர் செய்த குற்றத்தையெல்லாம் ஓடிவந்து சொல்கிறவன் போலீஸ்காரர். தலையைப் படிய வாரி, பளபளவென்று வந்து, யாராவது கவனிக்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருப்பவன் மாப்பிள்ளை. இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, வகுப்பையே ஆய்வு செய்ய வந்தவள் மாதிரி பின்வரிசையில் இருக்கும் சின்னப் பெண் கலெக்டர்.

கலெக்டர் பள்ளிக்கு வந்து பல மாதங்கள் ஆகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கிலீஷ் மட்டுமல்ல, தன் மொழியிலும் பேசவில்லை. காலையில் ஒரு வேலைக்காரப் பெண் கொண்டுவந்து விடுவாள், மாலையில் அவளே வந்து கூட்டிப்போவாள். தாய்க்கு வேறு ஊரில் வேலை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பள்ளியில் யாரும் அந்தத் தாயைப் பார்த்ததில்லை.

பேசாத குழந்தைக்கு அந்தப் பள்ளி கடினமான இடம். அங்கே ஒரு விதி உண்டு. சுவரில், குழந்தைகளின் உயரத்துக்கு, ஒரு நீளமான அட்டை. 'மே ஐ ஹாவ்' என்று தொடங்கும், 'ப்ளீஸ்' என்று முடியும். நடுவில் ஒளி ஊடுருவும் ஒரு பிளாஸ்டிக் பை, காலியாக. கீழே ஒரு கூடையில் படங்கள்: தண்ணீர், சிவப்புக் கிரேயான், கைத்துடைப்பான், பந்து. எது வேண்டுமோ அந்தப் படத்தைப் பையில் செருகி, முழு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். சொன்ன மறுநொடியே பொருள் கைக்கு வரும். கையை நீட்டினால் கிடைக்காது, அழுதாலும் கிடைக்காது. கழிப்பறைக்கு மட்டும் விலக்கு. பெற்றோர்கள் இந்த விதியைக் கேள்விப்பட்டுத்தான் தூரத்திலிருந்தெல்லாம் வந்து பிள்ளைகளைச் சேர்த்தார்கள். "எங்கள் குழந்தைகள் கேட்கக் கற்றவர்கள்" என்று தலைமை ஆசிரியை எல்லாரிடமும் சொல்வாள்.

கலெக்டர் எதையும் கேட்டதில்லை. ஆகவே அந்தக் குழந்தைக்கு எதுவும் கிடைத்ததும் இல்லை. அவள் தினமும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கலெக்டரின் மேஜையில் 'மறந்து' வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வரும்போது டம்ளர் காலியாக இருக்கும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு மதியம், அவள் தன் மகளைப் பார்ப்பாள். போனில்தான்.

முதலில் சிட்டு போனைப் பார்த்தாலே ஓடிவிடும். "கண்ணம்மா, இங்க பாருடா, அம்மாடா" என்று அவள் திரையில் கெஞ்சக் கெஞ்ச, குழந்தை நாத்தனாரின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். ஒரு நாள் என்ன செய்வதென்று தெரியாமல், கைப்பையில் கிடந்த யானைப் படத்தை எடுத்துத் திரைக்கு முன் ஆட்டினாள். ஓடிய குழந்தை நின்றது. அடுத்த வாரம் ஒட்டகச்சிவிங்கி. அதற்கடுத்த வாரம் ஆரஞ்சுப் பழம். படம் காட்டினால் சிட்டு உட்காருகிறாள் என்று தெரிந்ததும் அவளுக்கு அதை விட மனம் வரவில்லை. பள்ளியில் வீணான அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து வெட்டி ஒட்டினாள். வாரம் முழுக்க, அடுத்த பாடம் என்ன என்று யோசித்தாள். சிட்டு நன்றாகவே படித்தாள். வகுப்பில் மாப்பிள்ளைக்கு ஒரு மாதம் பிடித்ததை அவள் ஒரே ஞாயிறில் பிடித்துக்கொண்டாள்.

நாத்தனாருக்கும் பெருமை. தலைவாரி, பவுடர் போட்டு, ஸ்டூலில் உட்காரவைப்பாள். "மிஸ் கூப்பிடறாங்க பாரு, ஓடி வா" என்று ஒரு நாள் வேடிக்கையாகச் சொன்னாள். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டது.

"மிஸ் இல்லடா, அம்மா" என்று அவள் திருத்திப் பார்த்தாள். சிட்டு குழம்பிப்போய் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தது.

"ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு, நீ படி" என்றாள் நாத்தனார்.

எந்த வாரத்திலிருந்து சிட்டு அத்தையை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அன்றைய பாடத்தில் கவனமாக இருந்திருப்பாள் போலும்.

நடுவில் ஒரு முறை லீவில் ஊருக்குப் போனார்கள். வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். சிட்டு எதிரே வந்து, கைகளைப் பக்கவாட்டில் வைத்து, விறைப்பாக நின்று, வாரத்தின் நாட்களை இங்கிலீஷில் ஒப்பித்தாள். திங்கள் முதல் ஞாயிறு வரை, ஒன்றுகூடத் தப்பில்லை. சுற்றி நின்ற உறவுக்காரர்கள் கைதட்டினார்கள். நீட்டிய கைகளை வெறுமனே மடக்க முடியாமல் அவளும் தட்டினாள்.

நாத்தனாரைக் குறை சொல்ல வழியே இல்லை. சிட்டுவுக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நாத்தனார் படுத்துத் தூங்கவே இல்லை என்று அங்கிருந்த நர்ஸே போனில் சொன்னாள். நாத்தனாருக்குக் குழந்தை இல்லை. தாய் இறந்தபின் தம்பியை வளர்ப்பதற்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, தாமதமாகக் கட்டிக்கொண்டவள். அந்தத் தம்பிதான் இவளுடைய கணவன். அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது.

இங்கே லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. அவளுக்குப் பள்ளியில் வருஷா வருஷம் நீட்டிக்கிற தற்காலிக வேலை. அந்த வேலையை வைத்துக்கொண்டு குழந்தையை வரவழைக்க முடியாது. வேலை நிரந்தரமானால் அனுமதி கிடைக்கும். ஆசிரியையின் குழந்தைக்குப் பள்ளியிலேயே இடமும் உண்டு. வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை அவள் வகுப்பில் வந்து உட்காரப்போகிறாள். எல்லாம் நல்லபடியாக இருந்தால் நிரந்தரம்.

"என்னங்க, இந்தத் தடவையாவது உங்க அக்காகிட்ட கேட்டுடுங்க."

"கேக்கலாம். அக்கா மூட் பாத்துக் கேக்கலாம்."

"அவங்க சந்தோஷமா இருந்தா, 'பாவம், இப்பக் கெடுக்க வேண்டாம்'ங்கறீங்க. கோபமா இருந்தா, 'இப்ப நேரம் சரியில்ல'ங்கறீங்க. நடுவுல ஏதாவது மூட் இருக்கா? இருந்தா சொல்லுங்க, காலண்டர்ல குறிச்சு வெக்கறேன்."

அவன் சிரித்தான். அவளுடைய பேச்சுக்குச் சிரிப்பது அவன் சுபாவம். கல்யாணமான புதிதில் அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

"ஊரையே மேல ஏத்தி இறக்கறீங்க. ஒரு வார்த்தைய உங்க அக்கா காதுல ஏத்த முடியல" என்றாள். அதற்கும் சிரித்தான்.

போன ஞாயிறு பாடம் முடிந்ததும் நாத்தனார் போனை வாங்கினாள்.

"ஏம்மா, ஒரு நல்ல சேதி. நம்ம தெருக்கோடி பெரிய ஸ்கூல்ல சிட்டுவை இன்டர்வியூக்குக் கூப்பிட்டிருக்காங்க. நாளைக்கு இல்ல, அதுக்கடுத்த திங்கக்கிழமை. அப்பா அம்மா ரெண்டு பேரும் வரணுமாம்."

"அப்படியா அண்ணி..."

"நானும் எங்க வீட்டுக்காரரும் போய் அப்பா அம்மான்னு உக்காந்துக்கறோம். பெத்தவங்க வெளிநாட்டுலன்னு சொன்னா, வீட்டுல யாரு படிக்கவெப்பாங்க, யாரு கையெழுத்துப் போடுவாங்கன்னு ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நீ தப்பா எடுத்துக்காதே."

"சரி அண்ணி."

"இங்கிலீஷ்லதான் கேப்பாங்களாம். உன் பேரு என்ன, உங்க அம்மா பேரு என்ன, இந்த மாதிரி. அம்மா பேரு கேட்டா என் பேரச் சொல்லணும். நான் சொல்லிக்குடுத்தா விளையாட்டா எடுத்துக்கறா. அடுத்த வாரம் கிளாஸ்ல நீ கொஞ்சம் பழக்கி விட்டுடேன். மிஸ் சொன்னாத்தான் அவ கேப்பா."

திரையின் மூலையில் தன் முகம் சின்னதாகத் தெரிந்ததை அவள் பார்த்தாள். அந்த முகம் தலையாட்டிக்கொண்டிருந்தது.

"சரி அண்ணி" என்றாள்.

"உனக்கென்னம்மா, அங்க வகுப்பு நிறையப் பிள்ளைங்க. சின்ன வயசு, இன்னொண்ணு பெத்துக்கவும் செய்யலாம். எனக்கு இவ ஒருத்திதான்" என்று நாத்தனார் சிரித்தாள். சிரித்து முடித்ததும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதனால்தான் அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை. நாத்தனார் கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

பள்ளியில் அவளைத் தவிர இன்னொரு தமிழ்ப் பெண் உண்டு. பாட்டு சொல்லிக்கொடுப்பவள். வகுப்பிலும் நடைபாதையிலும் ஆசிரியைகள் இங்கிலீஷ்தான் பேச வேண்டும் என்பதால், இருவரும் தமிழ் பேசுவது சாமான் அறையில். வண்ணத்தாள் கட்டுகளுக்கும் உடைந்த கஞ்சிராக்களுக்கும் நடுவில், மதியம் குழந்தைகள் தூங்கும் நேரத்தில்.

"என்ன, கேட்டியா?" என்றாள் பாட்டு மிஸ்.

"என்னத்த?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி நடிக்காதே. மூஞ்சியே சொல்லுதே, 'சரி அண்ணி'ன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்னு."

அவள் விஷயத்தைச் சொன்னாள். பாட்டு மிஸ் வாயில் போட்டிருந்த பிஸ்கட்டை மென்று விழுங்க மறந்துவிட்டாள்.

"உன் பொண்ணுக்கு, அம்மா வேற ஒருத்தங்கன்னு நீயே பாடம் நடத்தணுமா? நல்லா இருக்குடி உங்க குடும்பம்."

"அவங்க மேல தப்பே இல்லையே. என்னன்னு கேக்கறது? 'நல்லாப் பாத்துக்கிட்டீங்க, அதனால திருப்பிக் குடுங்க'ன்னா?"

"ஆமா, அப்படியே கேளு."

"அவங்க உடைஞ்சு போயிடுவாங்க."

"நீ ஒட்டவெச்ச பொம்மை மாதிரி சுத்திக்கிட்டு இருக்கியே, அது பரவாயில்லையா? புருஷன் கேப்பான்னு உக்காந்திருக்காதே. அவரு லிஃப்டைத் தவிர எதையும் ரிப்பேர் பண்ண மாட்டாரு. நீ கேளு. நீ கேக்காத வரைக்கும், அவங்க குடுக்கமாட்டேன்னாங்கன்னு சொல்லவும் உனக்கு வாயில்ல."

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. பாட்டு மிஸ் சட்டென்று ஒரு கட்டுத் தாளைத் தூக்கி, "மஞ்சள் தாள் எங்கே இருக்கிறது என்று பார்த்தாயா?" என்று சுத்தமான இங்கிலீஷில் உரக்கக் கேட்டாள். அவள் கையில் இருந்ததே மஞ்சள் தாள்தான். வேறு நாளாக இருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை பின்சுவரை ஒட்டி ஒரு குட்டி நாற்காலியில் வந்து அமர்ந்தாள். வகுப்பு நடத்திய அவள் அன்றைக்கு எந்த மேஜையிலும் டம்ளரை மறக்கவில்லை.

வகுப்பு நன்றாகவே போனது. போலீஸ்காரர் இரண்டு முறை முழு வாக்கியத்தில் புகார் கொடுத்தான். மாப்பிள்ளை எழுந்து போய்க் கைத்துடைப்பான் படத்தைச் செருகி, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டு வாங்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினான். தலைமை ஆசிரியை புன்னகை செய்தாள். வகுப்பு முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். தண்ணீர் கேட்டு ஒரு வரிசை நின்றது. ஒவ்வொரு குழந்தையும் கேட்டது, குடித்தது, நகர்ந்தது.

அப்போது கலெக்டர் எழுந்தாள்.

கட்டியிருந்த கைகளை அவிழ்த்துவிட்டு, நாற்காலியைச் சத்தம் வராமல் உள்ளே தள்ளிவைத்துவிட்டு, சுவரை நோக்கி நடந்தாள். போலீஸ்காரர்கூட வாயைத் திறக்கவில்லை. கலெக்டர் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். தண்ணீர், கிரேயான், பந்து. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். கூடையின் அடி வரை தேடினாள். வேண்டியது அங்கே இல்லை. பிறகு எழுந்து, அட்டையின் நடுவில் இருந்த காலிப் பையின் மேல் விரலை வைத்தாள்.

"மே ஐ ஹாவ் மை மதர், ப்ளீஸ்?"

தெளிவான குரல். அதில் மிஸ் இழுக்கும் அதே இழுப்பு. 'ப்ளீஸ்' என்ற இடத்தில் மிஸ் தலையைச் சாய்ப்பாளே, அந்தச் சாய்ப்புகூட இருந்தது. இத்தனை மாதமும் கையைக் கட்டிக்கொண்டு இதைத்தான் அந்தக் குழந்தை தயார் செய்துகொண்டிருந்திருக்கிறது.

தலைமை ஆசிரியை எழுந்து நின்று கைதட்டினாள். "அருமை! அருமை!" என்றாள். அவள் தட்டுவதைப் பார்த்துக் குழந்தைகளும் தட்டினார்கள். தலைமை ஆசிரியை தானே வந்து, தங்க நிற நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்றைக் கலெக்டரின் சட்டையில் மார்புக்கு நேராக ஒட்டினாள்.

கலெக்டர் நகரவில்லை. வரிசையில் நின்று தண்ணீர் கேட்டவர்களுக்கெல்லாம் தண்ணீர் வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். மிஸ்ஸின் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். பிறகு கதவில் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். மறுபடி மிஸ்ஸைப் பார்த்தாள்.

அவள் குழந்தையின் முன் மண்டியிட்டாள். பின்சுவருக்குத் திரும்பியிருந்த தலைமை ஆசிரியை பார்த்துக்கொண்டிருந்தாள். "வெரி குட் ஆஸ்கிங்" என்றாள் மிஸ்.

கலெக்டர் சற்று நேரம் காத்திருந்தாள். பின் குனிந்து தன் சட்டையில் இருந்த நட்சத்திரத்தைப் பார்த்தாள். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, மெதுவாக உரித்து, மிஸ்ஸின் உள்ளங்கையில் ஒட்டினாள். கேட்ட சாமானுக்குப் பதில் வேறு எதையோ கொடுத்துவிட்ட கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதுபோல. அப்புறம் தன் இடத்துக்குப் போய், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

வேலை நிரந்தரமானது. "பேசாத குழந்தையைப் பேசவைத்துவிட்டாய்" என்று தலைமை ஆசிரியை அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "உன் மகளைச் சீக்கிரம் வரவழை. தாயே ஆசிரியை, இந்நேரம் சரளமாகப் பேசுவாளே?"

"பேசுவாள். என் மாணவர்களிலேயே அவள்தான் முதல்" என்றாள் அவள்.

அன்று மாலை கணவன் அவள் உள்ளங்கையைப் பார்த்துவிட்டான். "என்ன டீச்சரம்மா, உனக்கே ஸ்டார் குடுத்துட்டாங்களா?"

"வேலை நிரந்தரமாயிடுச்சு."

"அடி சக்கை! அப்படின்னா சிட்டுவுக்கும் சீட்டு!" அவளைத் தூக்கிச் சுற்றினான். சுற்றி முடித்து இறக்கிவிட்டபோது, அடுத்து என்ன வரும் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. சிரிப்பு முகத்திலேயே நின்றது.

"இப்பக் கேப்பீங்களா?"

"கேக்கணும்தான். இந்த இன்டர்வியூ முடியட்டும். அக்கா அதுக்காகப் புதுப் புடவையெல்லாம் எடுத்திருக்கா."

"இன்டர்வியூ முடிஞ்சப்புறம் என்னத்தக் கேக்கறது?"

அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். ஒழுகாத குழாயை இறுக்க ஆரம்பித்தான். சனிக்கிழமை முழுவதும் வீட்டில் ஏதாவது ஒன்றை இறுக்கிக்கொண்டே இருந்தான்.

ஞாயிறு மதியம், சரியான நேரத்துக்குத் திரையில் சிட்டு வந்தாள். இரட்டைப் பின்னல், நெற்றியில் பொட்டு, கழுத்து வரை பவுடர். ஸ்டூலில் கால்களைச் சேர்த்துவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"குட் ஆஃப்டர்நூன், மிஸ்."

"குட் ஆஃப்டர்நூன்" என்றாள் அவள். சிட்டுவின் முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். போன வாரமே ஆடியதோ என்னவோ.

பேர் கேட்டாள், வயது கேட்டாள், பிடித்த நிறம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் முழு வாக்கியத்தில் பதில் வந்தது. இனி அந்தக் கேள்விதான். இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நாளாக அவள் தன்னைத் தயார் செய்துகொண்டிருந்தாள். முதல் தடவை குழந்தை தப்பாகச் சொல்லும், பெற்றவளின் பெயரைச் சொல்லும், நாம் திருத்துவோம், ஒரு தடவையாவது அதன் வாயால் தன் பெயரைக் கேட்டுவிடலாம் என்று ஓர் அற்ப ஆசை உள்ளே இருந்தது.

"வாட் இஸ் யுவர் மதர்ஸ் நேம்?"

சிட்டு யோசிக்கவே இல்லை. ஒரே மூச்சில், இனிஷியலோடு, நாத்தனாரின் பெயரைச் சொன்னாள்.

சொல்லிக்கொடுக்க எதுவுமே இருக்கவில்லை.

போனுக்குப் பின்னாலிருந்து வளையல் சத்தம் கேட்டது. "பாத்தியா! மிஸ் கேட்டதும் எப்படி டக்குன்னு வந்துடுச்சு பாரு என் தங்கத்துக்கு!" என்று நாத்தனாரின் குரல்.

"மிஸ், ஸ்டார்?" என்றாள் சிட்டு. சரியான பதிலுக்கு மிஸ் திரையில் ஒரு நட்சத்திரம் காட்டுவது வழக்கம். மேஜை மேல் படங்களுக்கு நடுவில் அந்தத் தங்க நட்சத்திரம் கிடந்தது. ஓரம் சுருண்டு, பசை போய்விட்டிருந்தது. அவள் அதை எடுத்துத் திரைக்கு முன் பிடித்தாள்.

"வெரி குட்" என்றாள்.

"தேங்க் யூ, மிஸ். பை, மிஸ்." சிட்டு ஸ்டூலிலிருந்து குதித்தாள். "அம்மா! கிளாஸ் முடிஞ்சிருச்சு, கார்ட்டூன் போடு!"

திரையில் கூரை தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது, பிறகு நாத்தனாரின் முகம். வியர்த்திருந்தது. சந்தோஷமாக இருந்தது. அக்காவின் மூட் நன்றாக இருக்கும் நேரம்.

"ரொம்ப தேங்க்ஸ்மா. நாளைக்குப் போயிட்டு வந்து கூப்பிடறேன். வெச்சிடட்டுமா?"

"இருங்க அண்ணி."

சமையலறை வாசலில் கணவன் வந்து நின்றான். கையில் ஸ்பேனர். வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

நிரந்தர வேலை, பள்ளியில் சீட்டு, அனுமதி, இரண்டு அறை உள்ள வீடு பார்த்துக்கொண்டிருப்பது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அண்ணி, சிட்டு..."

"என்னம்மா? சிட்டுவுக்கென்ன? சிக்னல் விட்டு விட்டு வருது."

பாதி வாக்கியம். இதற்குப் பள்ளியில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கிடைக்காது. முழுசாகக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதையும் அவள் வெள்ளிக்கிழமைதான் பார்த்தாள். எல்லாரும் கைதட்டலாம். யாராவது மார்பில் ஒரு நட்சத்திரத்தை ஒட்டிவிட்டுப் போகலாம். திரைக்கு அந்தப் பக்கம் கார்ட்டூன் சத்தம் ஆரம்பித்துவிட்டது. அதற்கு நடுவில் சிட்டுவின் சிரிப்பு, ஆடும் பல்லோடு.

"என்ன சொல்றே? கேக்கலையே. சத்தமாச் சொல்லு" என்றாள் நாத்தனார்.

அவள் கணவனைப் பார்க்காமல், போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, உரக்கச் சொன்னாள்.

"அண்ணி, நீங்க நல்லாப் பாத்துக்கிட்டீங்க. என் பொண்ண எனக்குத் திருப்பிக் குடுங்க."